சமதரை வீதியில் காற்றுத் தடையைக் குறைப்பது எப்படி? புதிய சைக்கிள் வீரர்களுக்கான செய்முறை

மட்டக்களப்பில் போட்டிக்குத் தயாராகும் இளைஞர்கள் முதலில் விசாரிப்பது பாரம் குறைந்த சைக்கிளைத்தான். நுவரெலியாவில் அந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு. பாலங்களைத் தவிர ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லாத கல்லடி–கல்முனை வீதியில் வீரரின் வலுவைத் தின்பது காற்றுத்தான். வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவையான வலுவோ எட்டு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீற்றரிலிருந்து 40 இற்கு உயர்வதற்கே, காற்றுக்கு மட்டும் ஏறத்தாழ 2.4 மடங்கு வலு வேண்டும்.

முதற்படி உடலைச் சரிசெய்வது; ஏனெனில் அந்தத் தடையின் பெரும்பங்கு சைக்கிளால் அன்றி, ஓட்டுபவரின் உடலால் உண்டாகிறது. ஹாண்டிலின் வளைந்த கீழ்ப்பகுதியைப் பிடித்து, முழங்கையை மடித்து, தலையைத் தோள்களுக்கிடையே தாழ்த்துங்கள். ஆனால் பார்வை வீதியை விட்டு அகலக்கூடாது. அளவுக்கு மீறிக் குனிந்தால் மூச்சு முட்டும், தொடையின் வலுவும் குறையும். ஆகவே சில வாரங்களில் சிறிது சிறிதாகத் தாழ்வதே நல்லது.

அடுத்தது உடை. படபடக்கும் தொளதொள ரீ-சேட்டைக் கழற்றிவிட்டு, உடலோடு ஒட்டியதை அணியுங்கள். விலையுயர்ந்த சக்கரங்களை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இது.

மூன்றாவது படியைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். என் கணிப்பில் இதுவே முக்கியமானது. காற்று எழும்புவதற்கு முன், விடியற்காலையில், படுவான்கரை வயல்வெளிகளுக்கிடையே வாகனம் குறைந்த நேரான வீதியொன்றைத் தேர்ந்து, ஓரத்தில் ஓர் அடையாளம் இடுங்கள். அடையாளத்தை 30 கிலோமீற்றர் வேகத்தில் கடக்கும்போது பெடல் மிதிப்பதை நிறுத்தி, வேகம் 15 ஆகக் குறையும் இடம்வரை உள்ள தூரத்தை அளவுங்கள். நிமிர்ந்த நிலையிலும் குனிந்த நிலையிலும், இரு திசைகளிலும், பலமுறை செய்து சராசரி காணுங்கள். ரயரின் காற்றழுத்தமும் உடையும் மாறக்கூடாது. தூரம் கூடிய நிலையே தடை குறைந்த நிலை.

பிரான்ஸில் பல நாட்கள் நடக்கும் சைக்கிள் போட்டியான டூர் டி பிரான்ஸின் 1989 ஆம் ஆண்டுக் கடைசி நாளில், தனித்தனியே ஓடிய 24.5 கிலோமீற்றரில், 50 விநாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமண்ட் 8 விநாடி வித்தியாசத்தில் பட்டத்தை வென்றார். முன்கைகளை ஊன்றிக் குனிய உதவும் ஹாண்டிலை அவர் பயன்படுத்தியிருந்தார். தோற்ற லோரன் பினியோன் தலைக்கவசமே அணியவில்லை. ஆயினும் எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் வீதிப் போட்டிகளில் அந்த ஹாண்டிலுக்கு அனுமதி இல்லை.

அங்கே உதவுவது முன்னவரின் மறைவு. நெருக்கமாகப் பின்தொடர்பவர் தம் வலுவில் கால்பங்கு அல்லது அதற்கும் மேல் சேமிக்கலாம். தொடக்கத்தில் ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விட்டுப் பழகுங்கள். முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்தை உரசினால் விழுபவர் பின்னால் வருபவரே.

மேற்கிலிருந்து கச்சான் வீசும் மாதங்களில் மறைவு நேர் பின்னால் கிடைப்பதில்லை. கல்முனை நோக்கிச் செல்கையில் காற்று வலப்பக்கத்தில் அடிப்பதால், மறைவு முன்னவரின் இடப்பின்புறத்தில் அமையும். அவர் வீதியின் இடது ஓரத்தை ஒட்டி ஓடினால் பின்னவருக்கு இடமே இராது. சக வீரருக்காக ஓடும்போது அந்த இடத்தை விட்டுக்கொடுங்கள். எதிரணியினர் பின்னால் வந்தால் ஓரத்தை ஒட்டுங்கள். திரும்பி வரும்போது மறைவு வலப்பக்கம், அதாவது நடுவீதியை நோக்கி விரியும். எனவே வீதி மூடப்பட்ட போட்டியில் அன்றி அதைப் பயிலாதீர்கள்.