அகாடமியில் சேர்ந்த பிள்ளைக்குப் பார்சல் அனுப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புணே அருகே கடக்வாஸ்லாவில், முப்படை அதிகாரிகளாகப் போகிறவர்களுக்குப் பயிற்சி தரும் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் மகனைச் சேர்த்துவிட்டுத் திரும்பிய எங்கள் தெருக்காரர் ஒருவர், மூன்றாவது வாரமே ஒன்பது கிலோ அட்டைப் பெட்டி ஒன்றைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்து, முகவரியை எப்படி எழுத வேண்டும் என்று என்னிடம் கேட்டார். பெட்டியைப் பிரிக்கச் சொன்னேன். மேலே முறுக்கும் அதிரசமும், நடுவே தேங்காய் எண்ணெய், அடியில் வலி நிவாரணி ஸ்பிரே இரண்டும் ஒரு மாத்திரை அட்டையும் இருந்தன. சில ஆண்டுகளுக்கு முன்பு, வேறோர் அகாடமியில் சேர்ந்த என் மகனுக்கு நான் அனுப்பிய முதல் பெட்டியே திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. கண்ணாடிப் பாட்டிலில் ஊறுகாய் அனுப்பக் கூடாது என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயரை மட்டும் நம்பி முகவரி எழுதுவது

உள்ளே பார்சலைப் பிரித்துக் கொடுப்பவருக்குப் பிள்ளையின் பெயரைவிட அவனுடைய அகாடமி எண்ணே முக்கியம். கடக்வாஸ்லா என்றால் ஸ்குவாட்ரன், டேராடூன் அல்லது பரங்கிமலை ராணுவ அகாடமி என்றால் கம்பெனி என்று, பிள்ளை இருக்கும் பயிற்சிப் பிரிவின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பதிவேட்டில் இனிஷியல் விரிந்து, தந்தையின் பெயர் குடும்பப் பெயராக நிற்கும். நாமோ பழக்கத்தில் ஒற்றை எழுத்தைப் போட்டு அனுப்பிவிடுவோம். பதிவேட்டில் உள்ளபடியே எழுதுங்கள். கடக்வாஸ்லா அகாடமிக்கென்று 411023 என்ற அஞ்சல் குறியீடு இருப்பதால், ஸ்பீட் போஸ்டில் அனுப்புவதே என் யோசனை.

மழைக்காலத்தில் முறுக்கு

ஜூலையில் சேரும் பிள்ளைக்கு முதல் சில மாதங்கள் சஹ்யாத்ரி மலையடிவார மழையில்தான் கழியும். துவைத்த சட்டையே காயாத அந்த ஈரத்தில், பெரிய டப்பாவில் போட்ட முறுக்கு திறந்த மறுநாளே நமத்துவிடும். மேலும், ஒரு பாக்கெட்டைப் பிரித்தால் பத்துக் கைகள் நீளும். நீள வேண்டும், அங்கே பழக்கம் அப்படித்தான் உருவாகிறது. ஆகவே ஒரு வேளைக்குத் தீரும் அளவில் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புங்கள். தனித்தனியே உறையிட்ட கடலை மிட்டாய்க்கு ஈடான பண்டத்தை நான் இன்றுவரை கண்டதில்லை. அது தூளாகாது, எண்ணெய் கசியாது, நின்றுகொண்டே தின்று முடிக்கலாம். கேபின் என்று அங்கே சொல்லும் பிள்ளையின் அறையைச் சோதிக்கும்போது மேசை அடியில் எறும்பு வரிசை ஓடினால், அதற்கான தண்டனை பிள்ளைக்குத்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தேங்காய் எண்ணெய்

ஒட்ட வெட்டிய தலைக்குத் தேவையில்லை.

தொலைபேசியில் சொன்ன வலிக்குப் பார்சலில் மருந்து

இதை எழுதும்போது இப்போதும் எனக்கு என் மீதே எரிச்சல் வருகிறது. ஐந்தாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலிக்கிறது, ஆனால் ஓடும்போது மட்டும்தான் என்று மகன் சொன்னான். மறுநாள் காலை அஞ்சலகம் திறந்தபோது, டைக்ளோஃபெனாக் ஜெல், இரண்டு அட்டை வலி மாத்திரை, ஓர் இறுக்குப் பட்டை ஆகியவற்றோடு நான் வரிசையில் முதல் ஆளாக நின்றேன். அவனும் நாள்தோறும் ஓட்டத்துக்கு முன்பு ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடினான். எம்.ஐ. ரூம் என்று அங்கே அழைக்கப்படும் மருத்துவ அறைக்குப் போனால் பயிற்சி நாள்கள் குறையும், குறைந்தால் ரெலிகேஷன், அதாவது தனக்குப் பின்னால் சேர்ந்தவர்களோடு பின்தள்ளப்படுவது, ஆகிவிடும் என்பது அவனுடைய பயம். அந்தப் பயத்துக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தது என் பார்சல்.

திடீரென்று ஓட்டமும் அணிநடையும் கூடும்போது, எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்குகிறது; பழைய எலும்பு கரையும் வேகத்துக்குப் புதிய எலும்பு படிவதில்லை. அந்த இடைவெளியில் ஓய்வில்லாமல் சுமை ஏறினால் மயிரிழை விரிசல் விழுகிறது. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். தொடக்கத்தில் எக்ஸ்ரேயிலும் அது தெரியாமல் போகலாம் என்பதால், அந்த நாள்களில் வலி ஒன்றே எச்சரிக்கை. நான் அதைத்தான் மாத்திரை கொடுத்து வாயடைத்தேன். மாத்திரை போடத் தொடங்கிய மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் காலை அவனால் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. இரண்டு மாதம் ஓய்வு, தவறிய தேர்வுகள், கடைசியில் அவன் எதற்குப் பயந்தானோ அந்த ரெலிகேஷன். வலி தொடங்கிய வாரமே காட்டியிருந்தால் சில வார ஓய்வோடு போயிருக்கக்கூடிய விஷயம், ஆறு மாதமாக வளர்ந்தது. உடன் சேர்ந்தவர்களுக்கு அவன் இன்றும் ஆறு மாதம் இளையவன். பணிமூப்பில் அந்த இடைவெளி இனி மாறப்போவதில்லை. “அப்பா அனுப்பியதாயிற்றே என்றுதான் போட்டுக்கொண்டேன்” என்று அவன் குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“வலிக்கிறது என்று சொல்லும்போது சும்மா இருக்க முடியுமா?” என்று தெருக்காரரும் கேட்டார். சும்மா இருக்க வேண்டாம். வலி விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் இருக்கிறதா, படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா என்று கேளுங்கள். இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தால், மறுநாளே எம்.ஐ. ரூமுக்குப் போகச் சொல்லி, போனானா என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் விசாரியுங்கள். ஸ்பிரேக்களைப் பொறுத்தவரை, அழுத்தத்தில் அடைத்த, தீப்பற்றும் பொருள் என்பதால் அவற்றை அஞ்சலில் அனுப்பவே கூடாது.

விலை உயர்ந்த பொருள்கள்

வேண்டாம்.

பருவ இறுதியில் அனுப்புவது

பருவம் முடிந்து பிள்ளை வீட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தைய பத்து நாள்களிலும், பயிற்சி முகாமுக்காக அவன் வெளியே போகும் நாள்களிலும் எதையும் அனுப்பாதீர்கள். நான் ஆசையாக அனுப்பிய ரவா லட்டு ஒரு விடுமுறை முழுவதும் பூட்டிய அறையில் கிடந்தது. திரும்பிப் போன மகன் முதல் வேலையாக அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு குப்பைத் தொட்டியைத் தேடிப் போயிருக்கிறான்.

தெருக்காரரின் பெட்டி கடைசியில் மூன்று கிலோவுக்கு இறங்கியது. இரண்டு வெள்ளைப் பனியன், ஷூ பாலிஷ், ஊசி நூல், கால் விரல் இடுக்கில் போடும் பவுடர், கடலை மிட்டாய், அவர் மனைவி எழுதிய நான்கு பக்கக் கடிதம் ஆகியவற்றோடு, அவர் விடாப்பிடியாகக் கேட்டதால் ஆறு அதிரசங்களையும் தனித்தனியே சுற்றி வைத்தோம்.