‘கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்று செய்தி வந்தால் எப்படிப் படிப்பது

"மஞ்சளில் உள்ள குர்குமின் புற்றுநோய்ச் செல்லைக் கொல்கிறது, விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு." ஈரோடு பக்கம் எந்த வாட்ஸ்அப் குரூப்பில் இந்தச் செய்தி விழுந்தாலும் பெருந்துறை, சென்னிமலை, கோபி என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி நம்மிடமே வந்து நிற்கும். மண்டிக்காரர் கைதட்டுவார், மாமா தனியாகக் கூப்பிட்டு "ஏன் மாப்ள, இது நெசமா?" என்பார். அவருக்குப் பதில் சொல்ல அறிவியலில் பட்டம் எல்லாம் தேவையில்லை, என்ன கேள்வியை எந்த வரிசையில் கேட்பது என்று தெரிந்தால் போதும்.

முதல் கேள்வி: எதில் சோதித்தார்கள்? தட்டிலா, எலியிலா, ஆளிலா? தலைப்பில் இது இருக்காது, நாலைந்து பத்தி தள்ளி "ஆய்வகச் சோதனையில்" என்று ஓரமாக ஒளிந்திருக்கும், அதைத் தேடிப் பிடியுங்கள். கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லைக் கொல்வது பெரிய வித்தை இல்லை. சாயப்பட்டறைத் தண்ணீரை ஊற்றினாலும் அது சாகும்.

குர்குமின் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு, நம் ஊர்ப் பயிர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வேட்டியில் பட்டால் போகாத அந்த மஞ்சள் நிறம் குர்குமினுடையதுதான். ஆய்வகங்களில் ஒரு பொருள் வேலை செய்கிறதா என்று பார்க்கப் பல சோதனைகளில் ஒளியைத்தான் அளக்கிறார்கள். குர்குமினோ வெளிச்சம் பட்டால் தானும் ஒளிரும் பொருள், அதனால் மருந்தாக எதையும் செய்யாவிட்டாலும் கருவி ‘வேலை செய்கிறது’ என்று காட்டிவிட வாய்ப்பு இருக்கிறது. போதாததற்கு, நம் உடம்பில் இருக்கும் கார அமில நிலையில், வெறும் கரைசலில் விட்டால் சில நிமிடங்களிலேயே சிதைய ஆரம்பித்துவிடும். 2017-ல் ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி இதழில் வந்த விரிவான ஆய்வுரை இதையெல்லாம் வரிசையாக எடுத்து வைத்தது. மனிதர்களிடம் 120-க்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தும், யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று கொடுப்பவருக்கும் சாப்பிடுபவருக்கும் தெரியாமல் நடத்திய முறையான சோதனை எதிலும் அது ஜெயிக்கவில்லை என்றது.

உடனே, "மிளகோடு சேர்த்தால் 2000% அதிகமாக ரத்தத்தில் ஏறும்" என்று ஒருவர் வருவார். 1998-ல் அப்படி ஒரு ஆய்வு வந்தது உண்மைதான். ஆனால் அதே ஆய்வில், மிளகுச் சத்து இல்லாமல் குர்குமினை மட்டும் கொடுத்தபோது ரத்தத்தில் இருந்தது அளக்கவே சிரமமான அளவு. கிட்டத்தட்ட ஒன்றுமில்லாததை இருபது மடங்கு பெருக்கினால் எவ்வளவு வரும், நீங்களே பாருங்கள். குழம்புக்குப் போடும் மஞ்சளை யாரும் குறைக்க வேண்டாம், அது வேறு. குர்குமின் மாத்திரைகளால் அரிதாகக் கல்லீரல் பாதிப்பு வரலாம் என்று 2023-ல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. வீட்டில் கேன்சருக்கு வைத்தியம் பார்க்கிறவர் யாராவது அதை வாங்கிச் சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

சரி, அடுத்த கேள்வி: மற்றவர்கள் செய்து பார்த்தார்களா? 2023 ஜூலையில் கொரியாவில் ஒரு குழு, சாதாரண வெப்பத்திலேயே மின்தடை இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள் கிடைத்துவிட்டது என்று அறிவித்தது. பெயர் எல்கே-99. அது ஆர்க்கைவ் தளத்தில் போட்ட முன்பதிப்பு, அதாவது மற்ற நிபுணர்கள் சரிபார்ப்பதற்கு முன்பே யாரும் படிக்கலாம் என்று வைக்கிற கட்டுரை. ஈயம், செம்பு, பாஸ்பேட் என்று கிடைக்கிற சரக்குதான் என்பதால் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல இடங்களில் செய்து பார்த்தார்கள், அந்த மாயம் நடக்கவில்லை. சுமார் 104 டிகிரியில் மின்தடை சடாரென்று இறங்கியதற்குக் காரணம் கலப்படமாக உள்ளே இருந்த செம்பு சல்பைடு என்று ஆகஸ்ட்டுக்குள் தெரிந்துவிட்டது. அதனால் முன்பதிப்புச் செய்தி என்றால் ஒரு மாதம் சும்மா இருங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

சதவீதம் வந்தால் ‘எதில் அத்தனை சதவீதம்’ என்று கேளுங்கள். மறதி நோய்க்கான லெக்கானெமாப் மருந்து நோயின் வேகத்தை 27% குறைத்தது என்று 2022-ல் செய்தி வந்தது. 18 மதிப்பெண் கொண்ட அளவுகோலில், 18 மாதத்தில், மருந்து இல்லாதவர்கள் 1.66 மோசமானார்கள், மருந்து எடுத்தவர்கள் 1.21. வித்தியாசம் 0.45. இரண்டு எண்ணும் பொய்யில்லை, ஆனால் வீட்டில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியப்போவது அந்த 0.45 தான்.

இயற்பியலிலும் இதே கணக்குத்தான். 2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் தேசிய இக்னிஷன் மையத்தில் அணு இணைவு, அதாவது சூரியனில் நடப்பது போல அணுக்கருக்களை ஒன்றாகச் சேர்ப்பது, 2.05 மெகாஜூல் ஆற்றல் வாங்கி 3.15 மெகாஜூல் கொடுத்தது. பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் 2.05 என்பது லேசர் ஒளி இலக்கில் போய்ச் சேர்ந்த அளவு, அந்த லேசரை இயக்க இழுத்த மின்சாரம் சுமார் 300 மெகாஜூல். வாய்க்காலில் ஓடும் தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டு மோட்டாரின் மீட்டரைப் பார்க்காமல் இருப்பது மாதிரி.

எங்கே தேடுவது? மருத்துவம், உயிரியல் என்றால் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்தில் மருந்தின் பெயரைப் போடுங்கள், கட்டுரைச் சுருக்கம் இலவசம், எத்தனை பேர், எவ்வளவு காலம் என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ஆங்கிலம் கடினமாக இருந்தால் கூகுள் மொழிபெயர்ப்பில் போட்டுக்கொள்ளலாம், எண்கள் மாறாது. "இந்தியாவில் சோதனை நடக்குது, பணம் கட்டுங்க" என்று யாராவது அழைத்தால் சிடிஆர்ஐ (CTRI) என்ற, மருந்துச் சோதனைகளுக்கான அரசுப் பதிவேட்டில் பாருங்கள், 2009 முதல் அங்கே பதிவு கட்டாயம். பதிவும் இல்லை, பணமும் கேட்கிறார்கள் என்றால் போனை வைத்துவிடுங்கள்.

இத்தனை கேள்விக்கும் நின்று பதில் சொல்லும் செய்திகளும் வரத்தான் செய்கின்றன. அட்டப்பாடி, நீலகிரிப் பக்கம் பழங்குடி மக்களிடம் இருக்கும் சிக்கிள் செல் நோய்க்கு (ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய்) கேஸ்ஜெவி என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சை 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அமெரிக்க அனுமதியின்போது போதிய காலம் கவனித்து முடித்தவர்கள் 31 பேர்தான், அதில் 29 பேருக்குத் தொடர்ந்து 12 மாதமாவது கடுமையான வலித் தாக்குதல் வரவில்லை. ஆள் எண்ணிக்கை குறைவுதான், ஆனால் அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களிடம் இவ்வளவு பெரிய மாற்றம் தெரிந்தால் 31 பேரே நிறையச் சொல்கிறார்கள். லெக்கானெமாப்பின் சின்ன வித்தியாசத்தைக் காட்டவோ 1,795 பேர் தேவைப்பட்டார்கள்.

அப்புறம் விலை. அமெரிக்காவில் கேஸ்ஜெவிக்கு அறிவித்தது 22 லட்சம் டாலர், ஒரு ஆளுக்கு. அதையும் சேர்த்தே குரூப்பில் போடுங்கள்.