பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் வாங்கலாமா? காசு கொடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை பக்கம் பழைய வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்து இறங்கும் சாமான்களில் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் ஒன்று. சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்த சான்சுயி, பயனியர், டெக்னிக்ஸாக இருக்கும். இல்லாவிட்டால் நம்மூர்ச் சோனோடைன், காஸ்மிக். வாங்குவதா வேண்டாமா என்பதற்கு ஒரே கேள்விதான்: கெட்டிருப்பது கடையில் கிடைக்கிற பாகமா, கிடைக்காத பாகமா? வால்யூம் கரகரத்தால் அது குறையே இல்லை. ட்ரான்ஸ்ஃபார்மர் கருகியிருந்தால் முகப்பு எவ்வளவு மின்னினாலும் வேண்டாம்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், டார்ச், போனிலிருந்து இரண்டு ஆர்.சி.ஏ. பின்னுக்கு (செட்டின் பின்பக்க உருண்டைத் துளைகளில் செருகுவது) போகும் கேபிள், போனாலும் பரவாயில்லை என்கிற 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டு, ஒரு சீரிஸ் போர்டு. சீரிஸ் போர்டு என்றால் பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே கரண்ட் வரும் (ஃபேஸ்) லைனில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு போட்ட பலகை. எலக்ட்ரீஷியன் பத்து நிமிடத்தில் செய்து தருவார். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது.

1. சுவிட்ச் போடாமல் பின்பக்கம் பாருங்கள்

"போட்டுக் காட்டுறேன் தம்பி" என்று விற்பவர் பிளக்கைத் தூக்குவார். "ஒரு நிமிஷம் இருங்கண்ணே" என்று நிறுத்திவிட்டு, பின்னால் எழுதியிருக்கும் வோல்டேஜைப் படியுங்கள். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. நம் வீட்டில் 230. அங்கே விற்ற செட்டை நேரே செருகினால் ஃப்யூஸோடு போனால் அதிர்ஷ்டம். வெளிநாட்டு விற்பனைக்குச் செய்தவற்றில் பலவற்றில் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருக்கும். அது 220 அல்லது 240-இல் நிற்கிறதா பாருங்கள். 100 வோல்ட் மட்டுமே என்றால் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் தனியாக வாங்க வேண்டும். அந்தக் காசை விலையில் கழியுங்கள். இந்த செட்டைச் சீரிஸ் போர்டிலும் நேரே செருகக் கூடாது.

ஸ்பீக்கர் டெர்மினலில் 4, 8, 16 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட் என்று வரிசையாக எழுதியிருந்தால் அது ஸ்டீரியோ இல்லை; கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஓடிய மைக் செட் ஆம்ப்ளிஃபையர். நல்ல சாமான்தான், ஆனால் மோனோ.

சில மாடல்களில் 'ப்ரீ அவுட்', 'மெயின் இன்' துளைகளை இணைக்கும் ப வடிவக் கம்பி இருக்கும். அது தொலைந்திருந்தால் சத்தமே வராது. 'செத்த செட்' என்று சல்லிசாகத் தள்ளிவிடப்படுபவற்றில் சிலவற்றுக்கு இந்தக் கம்பிதான் வியாதி. முகப்பில் 'டேப் மானிட்டர்' பொத்தான் அமுங்கியிருந்தாலும் இதே கதை.

2. மூடியைக் கழற்றுங்கள்

பிளக் வெளியே இருக்கட்டும். உள்ளே எதையும் தொடாதீர்கள். பெரிய கண்டன்சர்களில் கரண்ட் தங்கியிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தாலே போதும்.

முதலில் மூக்கு. ட்ரான்ஸ்ஃபார்மர் அருகே கருகிய வார்னிஷ் வாடை அடித்தால் மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பலாம். காயில் சுற்றித் தருபவர்கள் உண்டு, ஆனால் பல வோல்டேஜ் முனைகள் (டேப்) கொண்ட அசல் ட்ரான்ஸ்ஃபார்மரை அதே அளவில் சுற்றி வாங்குவது புது ஆம்ப்ளிஃபையர் விலைக்கு அருகே போய் நிற்கும்.

அடுத்து, தண்ணீர் ஏறிய தடம். வேதாரண்யம், நாகப்பட்டினம், திருவாரூர் பக்கத்துச் செட் என்றால் இதில் அவசரப்படாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயலில் நனைந்த சாமான் துடைத்து வைக்கப்பட்டிருக்கலாம். அடித்தட்டின் மூலையிலும் போர்டுக்கு அடியிலும் வண்டல் படிந்த கோடு இருந்தால் நனைந்த செட். கடலோர உப்புக் காற்று வேறு மாதிரி: ஸ்க்ரூத் தலையிலும் ட்ரான்சிஸ்டர் கால்களிலும் துருவோ பச்சையோ பூத்திருக்கும். லேசாக இருந்தால் சுத்தம் செய்யலாம். செலக்டர் சுவிட்சின் உள்ளே இறங்கியிருந்தால் சிரமம், ஏனென்றால் அந்த சுவிட்ச் எந்தக் கடையிலும் இல்லை. எலி மூத்திரம் காய்ந்த வெள்ளைத் திட்டு உப்பைவிட மோசம். காப்பர் தடத்தையே தின்றுவிடும்.

கண்டன்சர்களின் அடியில் கரும்பழுப்பாக ஏதோ ஒழுகி உறைந்திருந்தால் பயப்பட வேண்டாம். 1970, 80-களின் ஜப்பான் செட்களில் பெரும்பாலும் அது ஒட்டுவதற்கு ஊற்றிய பசை. வயதாகும்போது கறுத்து, பக்கத்துக் கம்பிகளை அரிக்கும், சுரண்டி எடுக்கலாம். கண்டன்சரின் தலை உப்பியிருந்தால் மாற்ற வேண்டும். அது கடையில் கிடைக்கும்.

ஹீட் சிங்கில் (சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடு) இடது, வலது ட்ரான்சிஸ்டர்கள் ஒரே நம்பரா? ஒரு பக்கம் மட்டும் புதுசாக இருந்தால் அந்தப் பக்கம் ஒருமுறை போயிருக்கிறது என்று பொருள். தனி ட்ரான்சிஸ்டருக்குப் பதில் எஸ்.டி.கே. என்று எழுதிய பெரிய கறுப்பு ஐ.சி. இருந்தால் கவனம்: பழைய எஸ்.டி.கே. வகைகள் இப்போது தயாரிப்பில் இல்லை, கிடைப்பவற்றில் போலி அதிகம். அது உயிரோடு இருந்தால் மட்டும் வாங்கலாம்.

3. பல்பு வழியாகக் கரண்ட்

ஸ்பீக்கர் இல்லாமல், வால்யூம் பூஜ்யத்தில் வைத்து, சீரிஸ் போர்டில் செருகிச் சுவிட்ச் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து ஓரிரு நொடியில் மங்கினால் சரி. கண்டன்சர்கள் நிறையும்போது அப்படித்தான் எரியும். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். உடனே நிறுத்துங்கள். பல்பு இல்லாமல் நேரே கொடுத்திருந்தால் மிச்ச பாகங்களும் போயிருக்கும்.

4. ஸ்பீக்கருக்கு முன் மீட்டர்

இப்போது நேரே கரண்டில் போடுங்கள். பெரும்பாலான செட்களில் சில நொடி கழித்து உள்ளே ரிலே (ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) 'டக்' என்று விழும். விழவே இல்லை என்றால், பெரும்பாலும் அவுட்புட்டில் ஸ்பீக்கரைக் கெடுக்கும் டி.சி. வருகிறது என்று செட் தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருக்கிறது.

பத்து நிமிடம் ஓடட்டும். மீட்டரை டி.சி. 2000 மில்லிவோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கர் டெர்மினலின் சிவப்பிலும் கறுப்பிலும் வையுங்கள். மறுபக்கமும் அப்படியே. 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 100-ஐத் தாண்டினால் மெக்கானிக் வேலை இருக்கிறது. சில வோல்ட்டே காட்டினால் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது; காயில் எரிந்துவிடும்.

5. காதால் கேளுங்கள்

போன் கேபிளை 'ஆக்ஸ்' அல்லது 'ட்யூனர்' துளையில் செருகுங்கள். 'போனோ' என்பது ரெக்கார்ட் பிளேயருக்கு மட்டும். அதில் போனை விட்டால் சத்தம் கிழியும், செட் மேல் குற்றமில்லை.

வால்யூம் பூஜ்யத்திலேயே 'உம்ம்' என்று இரைந்தால் பெரும்பாலும் பவர் சப்ளை கண்டன்சர் வயதாகிவிட்டது, மாற்றினால் போச்சு. வால்யூம் ஏற ஏற இரைச்சலும் ஏறினால் முன்பகுதியிலோ எர்த்திலோ கோளாறு. நாப்பைத் திருப்பும்போது வரும் கரகரப்புக்குக் கான்டாக்ட் கிளீனர் போதும்.

ஒரு வீணைப் பதிவை மிகக் குறைந்த சத்தத்தில் வையுங்கள். மீட்டிய நாதம் தேய்ந்து அடங்கும் இடத்தில் ஒரு பக்கம் மட்டும் பொரபொரவென்று மண் விழுந்த மாதிரி கேட்டால் அந்தப் பக்கத்தின் பயாஸ் (பாட்டு இல்லாதபோதும் ட்ரான்சிஸ்டரில் ஓட வேண்டிய சிறு கரண்ட்) இறங்கியிருக்கிறது. சத்தமான சினிமாப் பாட்டில் இது தெரியாது. விற்பவர் அதைத்தான் போடுவார். அரை மணி நேரம் கழித்து இரு பக்க ஹீட் சிங்குக்கும் அருகே கை வைத்துச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் பயாஸ் ஏறியிருக்கிறது.

6. விலை

பி.எம்.பி.ஓ. (விளம்பரத்துக்குச் சொல்லும் உச்ச வாட்) என்று ஆயிரக்கணக்கில் வாட் சொல்வதை நம்ப வேண்டாம். பிளக்கிலிருந்து இழுக்கும் வாட்டைவிட அதிகம் எந்த செட்டும் தொடர்ந்து தராது. கண்டன்சர் மாற்றம், கிளீனிங், பயாஸ் செட்டிங் மூன்றுக்கும் எவ்வளவு ஆகும் என்று பக்கத்து மெக்கானிக்கிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். முப்பது, நாற்பது வருடச் செட்டுக்கு இன்றில்லாவிட்டாலும் நாளை இந்த வேலை வரும். நன்றாகப் பாடினாலும் அதைக் கழித்துத்தான் பேரம். ஒரு சேனல் செத்த செட்டை, ட்ரான்ஸ்ஃபார்மரும் சுவிட்சும் நன்றாக இருந்து, அவுட்புட்டில் சாதாரண ட்ரான்சிஸ்டர் இருந்தால், பாதி விலைக்கு எடுக்கலாம். சோதிக்கவே விடமாட்டேன் என்பவரிடம் பாகங்களின் விலைக்கு மேல் தராதீர்கள்.

பஸ்ஸில் கொண்டுவரும்போது படுக்கை வாட்டில், சரியான பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். செங்குத்தாக நிறுத்தினால் ட்ரான்ஸ்ஃபார்மரின் கனம் குலுங்கிக் குலுங்கி அடித்தட்டையே வளைத்துவிடும்.