பருவத்தின் நடுவே முழங்கால் போனால்: கல்லூரிக் கால்பந்து அணியில் மாற்று ஆட்டக்காரர்களை ஆயத்தப்படுத்தும் முறை

குமரி மாவட்டத்தில் கால்பந்து ஆடும் கல்லூரி மாணவர் ஒருவருக்குப் பருவத்தின் தொடக்கத்திலேயே முழங்கால் தசைநார் அறுந்துவிட்டால், அந்த ஆண்டு அவர் ஆடப்போவதில்லை என்பதை அணி ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. அவர் இடத்தில் நிற்க ஆள் இல்லாததால், ‘பல்கலைக்கழகப் போட்டி வரைக்கும் மட்டும் சமாளி’ என்று கேட்கிறார்கள். அவரும் முழங்காலில் பட்டையைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறார். சிகிச்சையும் ஓய்வும் பெற்று ஓராண்டில் சரியாகியிருக்க வேண்டிய கால் பல ஆண்டுகளுக்குப் பாழாகிறது. காயத்தைச் சரியாகக் கவனிப்பதற்கும் மாற்று ஆட்டக்காரர்களை வளர்ப்பதற்கும் உள்ள தொடர்பு இதுதான்: பெஞ்ச், அதாவது மாற்று ஆட்டக்காரர் வரிசை, மெலிந்த அணியில் எந்த மருத்துவர் சொல்வதும் எடுபடாது. உடற்கல்வி இயக்குநர்களும் அணித் தலைவர்களும் பருவம் தொடங்குவதற்கு முன்பே செய்து வைக்க வேண்டியவற்றையும், காயம் நேர்ந்தபின் செய்ய வேண்டியவற்றையும் இக்கட்டுரை சொல்கிறது.

இடத்துக்கு மூன்று பெயர்

மாற்று ஆட்டக்காரர் கணக்கை மிகக் கறாராகப் பார்ப்பவர்கள் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணியினர். அது வேறு ஆட்டம். நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது, ஆளோடு ஆள் மோதுவது. மோதல் மிகுந்த ஆட்டமாதலால், ஒவ்வோர் ஆண்டும் சிலர் பருவம் முழுவதையும் இழப்பார்கள் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்துத்தான் அணி சேர்க்கிறார்கள். 2025 முதல் பெரும்பாலான பெரிய அணிகளுக்கு 105 பேர் என்பது உச்சவரம்பு. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த எண்ணிக்கையை அன்று. ‘டெப்த் சார்ட்’ என்று அவர்கள் வைத்திருக்கும் பட்டியலை. ஒவ்வோர் இடத்துக்கும் முதல் ஆள் யார், அவர் விழுந்தால் யார், அவரும் விழுந்தால் யார் என்று அதில் பெயர் எழுதப்பட்டிருக்கும்.

இந்தப் பட்டியலின் பெறுமதியை 2014ஆம் ஆண்டின் ஓஹையோ ஸ்டேட் அணி காட்டியது. ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்தில் முதல் ஆளாக இருந்த பிராக்ஸ்டன் மில்லர் பருவம் தொடங்குமுன் ஆகஸ்டிலேயே தோள்பட்டைக் காயத்தால் விலகினார். இரண்டாமவரான ஜே.டி. பாரெட் பருவம் முழுவதும் தாங்கி வந்து, நவம்பர் இறுதியில் மிச்சிகன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் கணுக்கால் முறிந்து விழுந்தார். மூன்றாமவரான கார்டேல் ஜோன்ஸ் இறங்கினார். அடுத்த ஆட்டத்தில் விஸ்கான்சினை 59–0 என்றும், பிறகு அலபாமாவை 42–35 என்றும், 2015 ஜனவரியில் இறுதி ஆட்டத்தில் ஒரிகனை 42–20 என்றும் வென்று தேசியப் பட்டம் கொண்டுவந்தார். மாறாக, 2023இல் ஃபுளோரிடா ஸ்டேட் அணி 13 ஆட்டங்களையும் வென்றது. ஆனால் நவம்பரில் அதன் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸின் கால் முறிந்ததும், அடுத்து வந்தவருக்கும் தலையில் அடிபட்டதும் அணியின் தாக்குதல் வலுவிழந்தது. தோல்வியே காணாதபோதும் நான்கு அணிகள் கொண்ட இறுதிச் சுற்றுக்கு அதைத் தேர்வுக் குழு எடுக்கவில்லை. டிராவிஸ் இல்லாத அணி வேறோர் அணி என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

நம் கல்லூரிகளில் 105 பேருக்கு வழியில்லை. 20 முதல் 22 பேர் கிடைத்தாலே பெரிது. எனவே, ஒரே பெயர் இரண்டு மூன்று இடங்களில் வரும்படிதான் பட்டியலை அமைக்க முடியும். ஒரு தாளில் 11 இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று பெயர்களை நிரப்பிப் பாருங்கள். நடுக்களத்தில் பெயர்கள் நெருக்கியடிக்கும். இடப்புறத் தடுப்பிலும் கோல் காப்பிலும் இரண்டாவது பெயரே வராது. அணி எங்கே மெலிந்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது. இடக்காலால் ஆடுபவர் கிடைப்பது அரிது என்பதால், வலக்கால் ஆட்டக்காரர் ஒருவரை ஜூன் மாதத்திலிருந்தே இடப்புறத்தில் நிறுத்திப் பழக்க வேண்டும். கோலி விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. வேறெந்த இடத்தையும் ஓரளவு ஒப்பேற்றலாம், கோலி இடத்தை ஒப்பேற்ற முடியாது. கல்லூரி வாலிபால் அணியில் கை பழகிய உயரமான மாணவர் யாரேனும் விரும்பினால் அவரை மூன்றாம் கோலியாகப் பயிற்சிக்கு அழையுங்கள். கார்னர் எடுப்பவர், ஃப்ரீ கிக் எடுப்பவர், பெனால்டி அடிப்பவர் ஆகியோருக்கும் இரண்டாம் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். அடிபட்ட ஆட்டக்காரரோடு கார்னரும் போய்விடுவதைப் பல அணிகள் ஆட்டத்தின் நடுவில்தான் உணர்கின்றன.

பெயரை எழுதியதால் மட்டும் ஆள் ஆயத்தமாகிவிட மாட்டார். அவருக்கு ஆடும் நேரம் தர வேண்டும். நட்பு ஆட்டங்களில் முதல் பதினொருவரை ஒரு பாதியும், மற்றவர்களை மறு பாதியும் இறக்குவது நம் வழக்கம். இதை மாற்றச் சொல்வேன். காயம் நேரும் நாளில் இரண்டாம் ஆள் இறங்கப்போவது மற்ற மாற்று ஆட்டக்காரர்களோடு அல்ல, முதல் அணியின் பத்துப் பேரோடு. நடுத் தடுப்பில் அவருக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவரின் குரலும், அவர் எப்போது முன்னேறுவார் எப்போது பின்வாங்குவார் என்பதும் பழகியிருந்தால்தான் எதிரணியை ஆஃப்சைடில் சிக்கவைக்கும் தடுப்பு வரிசை உடையாமல் நிற்கும். ஆகவே ஒவ்வொரு நட்பு ஆட்டத்திலும் முதல் பதினொருவரில் இருவரையோ மூவரையோ மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடங்களில் இரண்டாம் பெயர்க்காரர்களை 60 நிமிடமாவது ஆடவிடுங்கள். போட்டி விதி ஐந்து மாற்றங்களை அனுமதித்தால், முன்னிலையில் இருக்கும் ஆட்டங்களில் ஐந்தையும் பயன்படுத்துங்கள். முதலாண்டு மாணவர்களுக்கு இது இன்றியமையாதது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் 2018இல், மாணவர் ஒருவர் நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும், கல்லூரிக்காக ஆட அவருக்கு அனுமதிக்கப்பட்ட ஆண்டுகளின் கணக்கில் அந்த ஆண்டு சேராது என்ற விதி வந்தது. புதியவர்களுக்கு நெருக்கடியில்லாமல் களத்தைக் காட்டும் அந்த நோக்கத்தை நாமும் பின்பற்றலாம்.

காயம் வரும் வழிகளை அடைத்தல்

தடுக்கக்கூடிய காயங்களைத் தடுத்தாலே பெஞ்சின் பாரம் பாதி குறையும். ‘ஃபிஃபா 11+’ என்ற உடல் ஆயத்தப் பயிற்சியை முறையாகச் செய்யும் அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. 15 பயிற்சிகள், 20 நிமிடங்கள், எந்தக் கருவியும் வேண்டாம். எட்டு நிமிடம் மெதுவான ஓட்டம், பத்து நிமிடம் வலுவும் சமநிலையும் தாவலும், இரண்டு நிமிடம் வேக ஓட்டம். வாரம் இரண்டு முறையாவது இதைச் செய்ய வேண்டும். இரண்டு சுற்று ஓடிவிட்டுக் காலை இழுத்துவிட்டுப் பந்தை எடுக்கும் பழக்கத்தை இதற்காக விடலாம். பெண்கள் அணி நடத்துபவர்கள் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) அறுபடும் வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், பெண்கள் அணிகளில் மாற்று ஆட்டக்காரர்களும் குறைவு.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை போன்ற கடற்கரை ஊர்களில் கால்பந்து கல்லூரியோடு முடிவதில்லை. ஊர் கிளப், திருவிழாக் காலப் போட்டி, எல்லை தாண்டிக் கேரளத்தில் நடக்கும், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டம் என்று ஒரே மாணவர் ஒரு வாரத்தில் எத்தனை திடல்களில் ஆடினார் என்பது கல்லூரிக்குத் தெரியாது. மணலில் பழகிய கால் மறுநாள் இறுகிய செம்மண்ணிலும், மழைக்காலச் சேற்றிலும் இறங்குகிறது. இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டமாதலால், சேற்றுத் திடல் நமக்கு ஆண்டில் இரண்டு முறை வருகிறது. ஊர் ஆட்டத்துக்குத் தடை போடாதீர்கள். தடை போட்டால் ஒளித்து ஆடுவார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பயிற்சிக்கும் பின், எத்தனை நிமிடம் ஆடினார், எவ்வளவு கடினமாக இருந்தது என்பதைப் பத்துக்கு இவ்வளவு என்று அவரையே சொல்லச் செய்து, இரண்டையும் பெருக்கி எழுதி வையுங்கள். 90 நிமிட ஆட்டத்துக்கு 7 என்றால் 630. வாரக் கூட்டுத்தொகை திடீரென்று எகிறினால், அடுத்த ஆட்டம் இரண்டாம் ஆளுக்குரியது. உண்மையைச் சொன்னதற்காக எவரையும் அணியிலிருந்து நீக்காமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு உண்மையாக இருக்கும்.

விழுந்தபின்

எவரும் மோதாமல், திரும்பும்போதோ தாவி இறங்கும்போதோ முழங்காலில் ‘டப்’ என்று ஏதோ அறுந்ததுபோல் உணர்ந்து விழுந்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முழங்கால் வீங்கினால், வேறுவிதமாக நிறுவப்படும்வரை அதைத் தசைநார் அறுந்ததாகவே கருதுங்கள். அன்று அவர் மீண்டும் இறங்கக் கூடாது. காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டி வைத்து, நெகிழ்பட்டையால் அளவாகக் கட்டி, ஊன்றாமல் அழைத்துச் செல்லுங்கள்.

வர்ம வைத்தியம் வேரூன்றிய மண் இது. அதன் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் வீங்கிய முழங்காலை முதல் சில நாட்களில் தடவுவதோ, எண்ணெய் போட்டு உருவுவதோ, இழுத்துப் பார்ப்பதோ வேண்டாம். உள்ளே இரத்தக் கசிவும் எலும்பு முறிவும் இருக்கலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறொரு மருத்துவமனையிலோ எலும்பு மருத்துவரைப் பார்த்து, முதலில் எக்ஸ்ரே, அவர் சொன்னால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கும் குடும்பமானால் எது அதில் அடங்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அன்றே கேட்டுவிடுவது நல்லது.

பெரும் ஏமாற்றம் வருவது மூன்றாவது வாரத்தில். வீக்கம் வடிந்து, நடக்க முடிந்து, நேராக ஓடவும் முடிகிறது. குணமாகிவிட்டது என்று எல்லோரும் நம்புகிறார்கள். நேராக ஓட இந்தத் தசைநார் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. வெட்டித் திரும்பத்தான் தேவை. முதல் திருப்பத்திலேயே முழங்கால் நழுவி, உள்ளிருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பும் கிழிகிறது. அறுந்த தசைநாரை அறுவை சிகிச்சையால் புதிதாக அமைத்துக்கொள்ளலாம். குருத்தெலும்பின் இழப்பு வாழ்நாள் முழுவதும் தொடரும்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒன்பது மாதங்களுக்குமுன் போட்டிக்குத் திரும்பக் கூடாது. அதற்கு முன்னால் திரும்புபவர்களுக்கு மறுகாயம் பல மடங்கு கூடுகிறது. மாதக் கணக்கு மட்டும் போதாது. ஒற்றைக்காலில் தாவும் தூரமும் தொடைத் தசையின் வலுவும் நல்ல காலுடையதில் 90 விழுக்காட்டையாவது எட்டியிருக்க வேண்டும். ஆகஸ்டில் அடிபட்டவருக்கு அந்தக் கல்வியாண்டு இல்லை என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ், 2020 நவம்பரில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே ஏ.டி.கே. மோகன் பகான் அணிக்காக ஆடும்போது முழங்காலில் அடிபட்டு அந்தப் பருவத்தை இழந்தார். அன்றைய ஆட்டத்தை அந்த அணி வென்றது, பருவத்தின் இறுதி ஆட்டம் வரையும் சென்றது. அவரை அவசரப்படுத்த வேண்டிய நிலை அணிக்கு வரவில்லை.

ஆடாத மாதங்களில் அவரை அணியிலிருந்து விலக்கி வைக்காதீர்கள். சீருடையோடு பெஞ்சில் உட்காரட்டும். தன் இடத்துக்கு வந்திருக்கும் இளையவருக்கு எதிரணி விங்கரின், அதாவது ஓர ஆட்டக்காரரின், பழக்கங்களைச் சொல்லிக்கொடுக்கட்டும். நிமிடக் கணக்கு நோட்டு அவரிடம் இருக்கட்டும். பிசியோதெரபிக்குப் போகும் நாட்களை வருகைப் பதிவில் எப்படிக் காட்டுவது என்பதைத் துறைத் தலைவரிடம் உடற்கல்வி இயக்குநரே பேசி முடிக்க வேண்டும். அதை மாணவரின் தலையில் விடக் கூடாது.

அவர் திரும்பி வரும்போது முதலில் தொடுதல் இல்லாத பயிற்சி, பிறகு முழுப் பயிற்சி, பிறகு நட்பு ஆட்டத்தில் 15 நிமிடம், அடுத்ததில் 30, அதன்பின்பே போட்டி. பழைய இடம் அவருக்கு உடனே கிடைக்க வேண்டியதில்லை. அதுவரை அந்த இடத்தைக் காத்தவர் நன்றாக ஆடினால் அவர் பெயரே முதலில் இருக்கட்டும், திரும்பியவர் இரண்டாம் பெயராகத் தொடங்கட்டும். மார்ச்சில் இறுதியாண்டு மாணவர்களின் பெயர்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, காலியாகும் இடங்களைப் பார்த்தபின், எந்த இடத்துக்கு ஆள் தேட வேண்டும் என்று குறித்துக்கொண்டு மேல்நிலைப் பள்ளித் திடல்களுக்குச் செல்லுங்கள்.