பத்தரிடம் நகை செய்யக் கொடுக்கும் முன்

சென்னையில் நகை என்றாலே பாதிப் பேர் நேராக தி.நகர் உஸ்மான் சாலைக்குத்தான் போகிறார்கள், தட்டில் அடுக்கி வைத்திருப்பதில் ஒன்றை எடுத்துக் கழுத்தில் வைத்துப் பார்த்து, பில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் உங்கள் காதுக்கும் மூக்குக்கும் என்றே ஒரு நகை வேண்டுமென்றால் பத்தரோடு உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். பட்டறை வேலைதான் என் பிழைப்பு, இதைவிடப் பிடித்த வேலை எனக்கு வேறு இல்லை. வருகிறவர்கள் என்னென்ன யோசித்துக்கொண்டு வந்தால் நகை நன்றாக அமையும் என்று சொல்கிறேன்.

செல்போனில் இருக்கும் போட்டோவை அப்புறம் காட்டுங்கள். யார் போடப்போகிறார்கள், தினமும் போடுவதா விசேஷத்துக்கு மட்டுமா, அதை முதலில் சொல்லுங்கள். போட்டோவில் எடை தெரியாது. கனமான ஜிமிக்கியை மாட்டல் (காதின் மேல் மாட்டி பாரத்தைத் தாங்கும் சங்கிலி) இல்லாமல் போட்டால் காது ஓட்டை இழுபட்டுப் பெரிதாகிவிடும், அதனால் போடுகிறவரின் காதைப் பார்த்த பிறகுதான் எடையை முடிவு செய்வேன். மூக்குத்திக்கு இன்னும் கவனம் வேண்டும். மூக்கின் தடிமன் ஆளுக்கு ஆள் மாறும், தண்டு கொஞ்சம் நீண்டாலும் உள்ளே குத்தும், குறைந்தால் திருகு பிடிக்காது. அம்மாவுக்கு சர்ப்ரைஸாகக் கொடுக்கப்போகிறேன் என்று அளவே இல்லாமல் வருகிறவர்களிடம், அம்மாவையும் ஒருமுறை அழைத்து வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

மோதிரத்துக்கு நம் ஊர் அளவு எண் சுலபம்: உள்சுற்றளவை மில்லிமீட்டரில் எடுத்து 40-ஐக் கழித்தால் எண் வந்துவிடும், 52 மி.மீ. என்றால் 12. சாயங்காலம் அளவெடுங்கள், காலையில் விரல் சற்று மெலிந்திருக்கலாம். வளையலில் 2-4, 2-6 என்பது இஞ்சும் பதினாறில் பாகமும், அதாவது 2-6 என்றால் உள்விட்டம் 2 இஞ்சோடு பதினாறில் ஆறு பங்கு, கிட்டத்தட்ட 60 மி.மீ. நன்றாகப் பொருந்துகிற பழைய வளையல் ஒன்றைக் கொண்டுவந்தால் அதுவே போதும்.

எப்போது வருவது? ஆடியில் வாருங்கள். கல்யாணம் இல்லாத மாதம், பத்தருக்கு உங்கள் வேலையை நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கும். மார்கழியில் பரதநாட்டியம் அரங்கேறும் பிள்ளைக்குத் தலைசாமான் (தலையில் அணியும் நகைகள்) செய்ய வேண்டுமானால் ஐப்பசிக்கே சொல்லிவிடுங்கள், கடைசி நேரத்தில் அவசரப்படுத்தினால் நகாசு வேலைதான் அடிபடும்.

பழைய நகையைக் கொடுப்பதானால் உருக்குவதை நின்று பாருங்கள். கல், அரக்கு, அழுக்கு எல்லாம் கழிந்துதான் கட்டி வரும், அதனால் உருக்குமுன் எடையும் உருக்கிய பின் எடையும் வேறாகத்தான் இருக்கும். இரண்டையும் எழுதி வாங்குங்கள், கட்டியின் தரத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். 10 கிராம் சுத்தத் தங்கத்தில் செம்பும் வெள்ளியும் சேர்த்து 22 காரட் ஆக்கினால் 10.9 கிராம் வரும் என்ற கணக்கும் தெரிந்திருக்கட்டும். செம்பு கூடினால் நிறம் சிவக்கும், எந்த நிறம் பிடிக்கும் என்று அப்போதே சொல்லிவிடலாம்.

அதற்குப் பிறகு நடப்பதைப் பார்க்க ஆசையாக இருந்தால் தயங்காமல் கேளுங்கள். கட்டியை அடிக்க அடிக்கத் தங்கம் விறைத்துப்போகும், மறுபடி நெருப்பில் சிவக்கக் காய்ச்சினால்தான் இளகும். கம்பி இழுக்கும்போதும் இதேதான், பெரிய துளையிலிருந்து சின்னத் துளைக்கு ஒவ்வொன்றாக இறக்கி இறக்கி இழுக்க வேண்டும். ஜிமிக்கி ஓரத்துக் குண்டுமணிகளை யாரும் உருட்டுவதில்லை. பொடிப்பொடியாக வெட்டிய தங்கத் துணுக்கைக் கரியின் மேல் வைத்து ஊதினால் உருகித் தானே உருண்டையாகிவிடும், எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நொடி எனக்கு அலுக்காது. துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பற்றவைக்க வெண்காரமும், உருகி ஒட்டும் உலோகப் பொடியும் வேண்டும். முதல் பற்றுக்கு அதிகச் சூட்டில் உருகும் பொடி, கடைசிப் பற்றுக்குச் சீக்கிரம் உருகும் பொடி, இல்லாவிட்டால் ஒன்றை ஒட்டும்போது இன்னொன்று விட்டுப்போகும். கேட்மியம் கலந்த கேடிஎம் பொடி வேண்டாமென்று வெளிப்படையாகவே சொல்லுங்கள், அந்தப் புகை ஊதுகிறவரின் நுரையீரலைக் கெடுக்கும்.

கூலி விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று தனித்தனியாகப் பேசி எழுதிக்கொள்ளுங்கள், கல் எடையும் அரக்கு எடையும் தங்கக் கணக்கில் சேரக்கூடாது. செய்த நகையை ஹால்மார்க் போட்டு வாங்க வேண்டுமானால், பதிவு பெற்ற கடை மூலம் எப்படி அனுப்புவது என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். 22 காரட்டுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 22கே916, எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடங்களில் வரும் எச்யூஐடி என்ற அந்த நகைக்கே உரிய அடையாளக் குறியீடு, இந்த மூன்றும் இருக்க வேண்டும், எச்யூஐடியை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு இது கட்டாயமில்லை, மூக்குத்தி பெரும்பாலும் அதில் அடங்கிவிடும்.

வாங்கும்போது அங்கேயே போட்டுப் பாருங்கள். கையால் வெட்டிய திருகு அதன் ஜோடிச் சுரைக்குத்தான் (திருகு உள்ளே போகும் மரை) சேரும், இடது வலது மாற்றிவிடாதீர்கள். பின்பக்கம் மூடிக் கட்டிய கல் நகையைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம், கல் மங்கிவிடும். போட ஆரம்பித்து சில வாரம் கழித்து ஒருமுறை பட்டறைக்குக் கொண்டுவாருங்கள், கல் ஆடுகிறதா, திருகு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து இறுக்கிக் கொடுத்துவிடலாம்.