பழைய பைக் இன்ஜின் கேசிங்கில் விரிசல்: பற்றவைக்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

டிக் வெல்டிங் (ஆர்கான் வாயுவின் காப்பில், மின் ஆர்க்கின் சூட்டால் உலோகத்தை உருக்கிப் பற்றவைக்கும் முறை) பழகிய கையோடு பழைய பைக்கின் கிராங்க் கேஸை, அதாவது இரண்டு பாதியாகப் பிரியும் இன்ஜின் கூட்டை, எடுப்பவர்கள் கேட்பதெல்லாம் கரண்ட் எவ்வளவு வைப்பது, கையை எப்படி நகர்த்துவது என்றுதான். கேசிங் கெடுவது அங்கே அல்ல, அதற்கு முந்தைய வேலையில். ஆர்கானைத் திறக்க மறப்பது, எர்த் கிளாம்ப் சரியாகப் பிடிக்காதது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். அவை உடனே தெரிந்துவிடும்.

எண்ணெய் ஊறிய உலோகத்தில் நேராகப் பற்றவைப்பது

கேசிங்கையே காவு வாங்கும் தவறு இது. எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதால் எரிச்சலும் வருகிறது.

வார்ப்பு அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. பல வருடங்கள் சூடான ஆயிலில் கிடந்த கேசிங்கின் துளைகளிலும் விரிசலின் அடியிலும் ஆயில் தங்கியிருக்கும். மேலே துடைத்தால் பளிச்சென்றுதான் தெரியும். ஆர்க் பட்டதும் உள்ளிருக்கும் ஆயில் எரிந்து கரியாக மேலே வரும். அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் உருகிய அலுமினியத்தில் கரைந்து, உலோகம் உறையும்போது ஊசித்துளைகளாக நின்றுவிடும்.

அடுத்து நடப்பதும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். கறுப்பு வருகிறதே என்று கரண்டைக் கூட்டி, ஃபில்லரை (உருக்கிச் சேர்க்கும் கம்பி) மேலே அள்ளிப் போட்டு மூடுவார்கள். வண்டி ஓடிச் சூடானதும் அதே இடத்தில் ஆயில் கசியும். அரைத்து எடுத்து மறுபடி பற்றவைப்பார்கள். ஒவ்வொரு முறையும் பள்ளம் அகலும், சுவர் மெலியும், சூடு பேரிங் இருக்கை வரை போகும். கடைசியில் வெல்டின் இரு ஓரத்திலும் புது விரிசல் கிளம்பும். பல பழைய மாடல்களில் கேசிங்கின் இரண்டு பாதியையும் சேர்த்தே கடைந்திருப்பார்கள். வேறு வண்டியின் ஒரு பாதியைக் கொண்டுவந்து பொருத்தினால் பேரிங் துளைகள் நேர்கோட்டில் அமையாது. அதாவது, ஒரு பாதியைக் கெடுத்தால் இரண்டுமே போச்சு.

சரியான வழிக்குப் பொறுமை வேண்டும். பேரிங், ஆயில் சீல், ஸ்டட் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மண்ணெண்ணெயில் கழுவி, பிறகு சோப்பு கலந்த வெந்நீரில் கழுவுங்கள். காஸ்டிக் சோடா வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும். கார்பைடு பர் பிட்டால் (சுழன்று செதுக்கும் பல்முனை) விரிசலை 60 முதல் 90 டிகிரி வரையான 'வி' பள்ளமாக, அடிவரை திறந்துவிடுங்கள். சாதாரண அரைக்கும் கல் வேண்டாம். அதன் துகளும் பிசினும் மென்மையான உலோகத்தில் புதைந்துகொள்ளும்.

பிறகு 150 முதல் 200 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சூடாக்குங்கள். அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளப்பான அலுமினியத்தில் பிடித்தால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். வெப்பம் தாங்கும் கறுப்புப் பெயின்ட் தடவிய இடத்தில் அளந்து பாருங்கள். ஆறியதும் அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் பழுப்பு ஏறினால் மறுபடி சூடு, மறுபடி துடைப்பு.

துணி சுத்தமாக வந்ததும் ஃபில்லர் இல்லாமல் ஏசி ஆர்க்கால் பள்ளத்தை லேசாக உருக்கிப் பாருங்கள். கறுப்பு மிதந்தால் அந்தப் படலத்தை பர் பிட்டால் எடுத்துவிட்டு மீண்டும் உருக்குங்கள். உருகிய உலோகக் குட்டை கண்ணாடிபோல் தெளிந்த பிறகே 4043 ராடை (சிலிக்கான் கலந்த அலுமினிய ஃபில்லர் கம்பி) எடுக்க வேண்டும்.

குளோரின் கலந்த பிரேக் கிளீனர்

வெல்டிங் செய்யும் இடத்துக்குள்ளேயே வரக்கூடாது. ஆர்க்கின் சூடும் புற ஊதாக் கதிரும் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். சிறிதளவே உயிரை எடுக்கும்.

விரிசலின் முனையைத் தேடாமல் விடுவது

கண்ணில் படும் இடத்தோடு விரிசல் நிற்பதில்லை. டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் ஊறி அதைக் காட்டும் சாயம்) இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூள் தூவுங்கள். ஈரம் கோடாக எழும். கோடு முடியும் இடத்தைச் சற்றுத் தாண்டி 2 முதல் 3 மில்லிமீட்டர் துளை போட்டால் விரிசல் மேலே ஓடாது. இந்தச் சோதனையைச் சூடாக்கும் வேலைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பாதியைத் தனியாக வைத்துப் பற்றவைப்பது

வெல்டு ஆறும்போது சுருங்கி இழுக்கும், கேசிங் வளையும். இரண்டு பாதியையும் பழைய கேஸ்கெட்டோடு சேர்த்து எல்லா போல்ட்டும் போட்டு முறுக்கிக்கொள்ளுங்கள். 120 முதல் 150 டிகிரி வரை முன்சூடு கொடுத்து, இரண்டிரண்டு சென்டிமீட்டராக இடம் மாற்றிப் பற்றவையுங்கள். முடிந்ததும் வெப்பம் தாங்கும் போர்வையால் மூடி மெதுவாக ஆறவிடுங்கள். தண்ணீரும் மின்விசிறியும் கூடாது. பிறகு பிரித்து, பொருந்தும் முகத்தைத் தடித்த கண்ணாடியில் கவிழ்த்து, 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எங்காவது நுழைகிறதா என்று பாருங்கள். சூடாக்கினால்தான் இறங்கும் பேரிங் இப்போது குளிர்ந்த கேசிங்கிலேயே கையால் இறங்கினால், துளையைக் கடைந்து ஸ்லீவ் (உள்ளே பொருத்தும் உலோக வளையம்) போட்டாக வேண்டும்.

மக்னீசியமா என்று பார்க்காமல் அரைப்பது

சுரண்டிய இடத்தில் ஒரு சொட்டு வினிகர். நுரைத்தால் அது மக்னீசியம், அரைப்பதை நிறுத்துங்கள்; அதன் தூள் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் மூளும்.

"இப்போதைக்கு" எபாக்ஸி

எபாக்ஸி என்ற பசை சுமை தாங்கும் இடத்தில் நிற்காது. பின்னால் பற்றவைக்க வருபவருக்கும் இரட்டை வேலை.

ஏன் உடைந்தது என்று கேட்காமல் மூடுவது

மறுபக்கம் திறக்காத போல்ட் துளையில் ஆயில் தேங்கியிருக்கும்போது போல்ட்டை முறுக்கினால், ஆயில் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறிச் சுவர் பிளக்கும். செயின் அறுந்து முன் ஸ்ப்ராக்கெட்டில் சுருண்டாலும், இன்ஜின் மவுண்ட் போல்ட் தளர்ந்து கிடந்தாலும் அதே கதி. துளையை ஊதிக் காயவையுங்கள், செயினை மாற்றுங்கள், மவுண்டை இறுக்குங்கள். இன்ஜினைக் கூட்டுவதற்கு முன் வெல்டின் உட்பக்கம் மண்ணெண்ணெய் தடவி, வெளியே சாக்பீஸ் தூள் பூசி ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் தூளில் ஒரு கறைகூட இல்லையென்றால் கேசிங்கைச் சூடாக்கி பேரிங்கை இறக்கலாம்.