மான் வேட்டைக்கு ப்ராட்ஹெட் வாங்கும் முன்
அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வில் வேட்டை சீசனுக்குத் தயாராகிறீர்களா? பெட்டியில் போட்டிருக்கும் வாசகத்தை மட்டும் நம்பி ப்ராட்ஹெட் (அம்பு நுனியில் மாட்டும் பிளேடு வைத்த வேட்டை முனை) வாங்காதீர்கள். அது உங்கள் வில்லிலிருந்து நேராகப் போகிறதா என்பதுதான் முக்கியம்.

பயிற்சிக்கு 100 கிரெயின், அதாவது சுமார் 6.5 கிராம் ஃபீல்ட் பாயிண்ட் (பிளேடு இல்லாத பயிற்சி முனை) என்றால் ப்ராட்ஹெட்டும் அதே எடையில் இருக்கட்டும். திருகி மாட்டியதும் அம்பைச் சுழற்றிப் பாருங்கள். ஓயப்போகும் பம்பரம் போல நுனி ஆடினால் அந்த அம்பைத் தனியே வைத்துவிடுங்கள். அப்புறம் 20, 30 கஜத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி எய்யுங்கள். வலக்கைக்காரரோ இடக்கைக்காரரோ, ப்ராட்ஹெட் எப்போதும் ஃபீல்ட் பாயிண்டுக்கு இடப்பக்கமே போய்க் குத்தினால் குறிபார்க்கும் சைட்டைத் தொடாதீர்கள். வில்லில் அம்பைத் தாங்கும் ரெஸ்டைத் துளியூண்டு வலப்பக்கம் நகர்த்தி மறுபடி எய்யுங்கள்.

குத்தும்போது பிளேடு விரியும் மெக்கானிக்கல் வகை காற்றில் குறைவாகத்தான் விலகும். ஆனால் பிளேடு விரியவே கொஞ்சம் விசை செலவாகும். இழுவிசை குறைந்த வில்லுக்குச் சிறிய, கெட்டியான ஃபிக்ஸ்ட் பிளேடு (பிளேடு அசையாமல் நிற்கும் வகை)தான் என் தேர்வு. அம்பு ஆழமாக இறங்க வேண்டும், மான் துடிக்கக் கூடாது.

பென்சில்வேனியாவில் ப்ராட்ஹெட் வெட்டும் அகலம் குறைந்தது 7/8 அங்குலம் வேண்டும். உங்கள் மாநில விதியையும் பார்த்துவிடுங்கள். பயிற்சியில் மழுங்கிய பிளேடை மாற்றாமல் காட்டுக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.